ஒரு பானைக்கு ஒன்று போதும்

இவ்வாண்டு தைப்பூசம் முடிந்த கையோடு சீனப் புத்தாண்டும் வந்துவிட்டது. பால்குடம் எடுத்த களைப்பு தீர்வதற்குள், வெள்ளிக்கிழமை சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மா, அப்பா, நான் என மூவரும் போனோம். பூசை முடிந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கோயிலின் பக்கவாட்டில் திரும்பினால் பகோடா ஸ்திரீட்.

இந்தப் பகோடா, தேநீருக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயப் பகோடா அல்ல. நம் கோயில் கோபுரத்தைத்தான் வெள்ளைக்காரர்கள் பகோடா என்றார்கள். அதுவே தெருவுக்குப் பெயரானது. இந்தப் பக்கம் டெம்பிள் ஸ்திரீட், அதுவும் இதே கோயில்தான். அந்தப் பக்கம் மாஸ்க் ஸ்திரீட், அது சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல். கோயில் 1827இல் வந்தது, பள்ளிவாசல் அதற்கும் ஓராண்டு முன்பே வந்துவிட்டது. சைனாடவுன் என்று நாம் சொல்லும் இடத்தின் மூன்று தெருக்களுக்குத் தமிழர் கட்டிய கட்டடங்களின் பெயர். வானொலியில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நேயர் ஒருவராவது அழைத்து, “அப்படியா தம்பி?” என்பார்.

அன்று தெரு முழுக்கச் சிவப்பு. விளக்குகள், கமலா ஆரஞ்சுச் செடிகள், முலாம்பழ விதைகள் குவித்த தட்டுகள். அதையெல்லாம் தாண்டி ஒரு வாசம் வந்தது. இனிப்பும், புகை மாதிரி ஏதோ ஒன்றும், அடியில் சாராயமும் கலந்த வாசம். அம்மா புடவைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனார். அப்பாவின் நடை மெதுவானது.

எதிரே ஒரு கடையில் லாப் சியோங் தொங்கிக்கொண்டிருந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சாண் நீளம், பெருவிரல் தடிமன், கருஞ்சிவப்பு நிறம். தோல் சுருங்கி, உள்ளே வெள்ளைக் கொழுப்பு புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டிரண்டாக நூலில் கட்டி, கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பக்கத்தில் அதைவிடக் கறுப்பாக இருப்பது யுன் சியோங், ஈரல் சேர்த்தது. தட்டையாக விரித்துக் காயவைத்த முழு வாத்து, பட்டை பட்டையாக வெட்டிய பன்றி வயிற்றுக்கறி எல்லாம் அதே குடும்பம். மொத்தத்துக்கும் கேண்டனீஸ் மொழியில் ‘லாப் மெய்’ என்பார்கள். லாப் என்பது சீன நாள்காட்டியின் பன்னிரண்டாவது மாதம். ஆண்டின் கடைசியில், வடக்கிலிருந்து குளிர்ந்த வறட்டுக் காற்று வீசும் மாதம். இறைச்சியில் உப்பும் சர்க்கரையும் சோயா சாஸும் ரோஜா மணமுள்ள சாராயமும் கலந்து, குடலில் அடைத்துக் காற்றில் கட்டிவிட்டால் ஈரம் வற்றிக் கெட்டியாகிவிடும். குளிர்காலம் இல்லாத நம் ஊரில் சூடான காற்று ஓடும் அறைக்குள் காயவைக்கிறார்கள்.

“நாளைக்கு வரலாமா?” என்று அப்பா என்னிடம் கேட்டார். அம்மாவுக்குக் கேட்காத மாதிரி கேட்டதாக அவர் நினைப்பு.

“கோயிலுக்குப் போயிட்டு வந்த கையோட அதைப் பத்திப் பேசாதீங்க” என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கூட வேலை பார்த்த கேண்டனீஸ்காரர்கள் மழைநாளில் வேலை நின்றால் அவரையும் இழுத்துக்கொண்டு கிரேத்தா ஆயருக்கு நடந்துவிடுவார்களாம். அங்கேதான் மண்சட்டிச் சோறும் லாப் சியோங்கும் அவருக்குப் பழக்கம். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பதில்லை. இதில் நம் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஈப்போவில் இருக்கும் பெரியம்மா பன்றி வறுவல் செய்தால் தெருமுனை வரை மிளகு வாசம் வரும். மலேசியத் தோட்டப்புறத்திலிருந்து வந்த பல குடும்பங்களில் அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அவருடைய சொந்தத் தங்கையான அம்மாவோ, அந்தச் சட்டியில் வைத்த ரசத்தைக்கூடத் தொடமாட்டார்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, அம்மா கோயிலில் உட்கார்ந்து பஜனை கேட்கும் நேரத்தில், “பையனுக்குப் பசிக்குது” என்று சொல்லி அப்பா என்னை ஸ்மித் ஸ்திரீட் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் மாடிக்குக் கூட்டிப்போவார். 1983இல் தெருவோரக் கடைக்காரர்களைக் கொண்டுவந்து வைத்த இடம் அது. இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். தீவிலேயே ஆகப் பெரிய உணவங்காடி நிலையம். சாப்பிட்டு முடித்ததும் வாயில் வாசம் தெரியக்கூடாதே! சூயிங்கம் தடை செய்த நாட்டில் வேறு வழி? ஆளுக்கு இரண்டு ஹேக்ஸ் மிட்டாய். கோயில் வாசலில் அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். எங்களை முழுமையாக நம்புகிறார் என்று நான் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஆண்டுக்கு முன்பு அப்பாவின் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். அதில் பதப்படுத்திய இறைச்சி முதல் வரியில் இருந்தது. அம்மா அதை உரக்கப் படித்தார். அடுத்த வரியில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று வந்தபோது குரல் இறங்கிவிட்டது.

தாளில் இருந்தது நியாயம்தான். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஒரு லாப் சியோங் கிட்டத்தட்ட அந்த எடைதான். ‘நாள்தோறும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வாதாடலாம். ஸ்டென்ட் வைத்தவரிடம் அந்த வாதம் செய்ய எனக்குத் துணிவில்லை. அப்பா அன்றிலிருந்து தொடவில்லை. கேட்கவும் இல்லை. இவ்வாண்டுதான் கேட்டார்.

சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் போனோம். முதலில் மாடிக்கு ஏறினோம். அந்தக் கடையில் இன்னும் கரி அடுப்புதான். வரிசையாக அடுப்புகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மண்சட்டி, அடுப்புக்கு அடுப்பு சட்டியை மாற்றி மாற்றித் திருப்பும் இரண்டு கைகள். அரிசியை அதே சட்டியில் பச்சையாகப் போட்டு வேகவைக்கிறார்கள். தண்ணீர் வற்றி, சோற்றின் மேல் சின்னச் சின்னக் குழிகள் தெரியும் நேரத்தில் மூடியைத் திறந்து கோழி, லாப் சியோங், ஒரு துண்டு உப்புமீன் வைத்து மூடிவிடுவார்கள். மீதி வேலை ஆவியுடையது. சாசேஜின் கொழுப்பு உருகி, அதிலுள்ள உப்பையும் இனிப்பையும் சாராய மணத்தையும் தூக்கிக்கொண்டு சோற்றுக்குள் இறங்கும். மேசைக்கு வந்ததும் கறுப்பு சோயா சாஸ் ஊற்றிக் கிளற வேண்டும். அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தின்ன வேண்டும்; பாதிப் பேர் வருவதே அதற்குத்தான்.

பக்கத்து மேசைக்கு ஒரு சட்டி வந்தது. அப்பா எட்டிப் பார்த்தார். மேலே சிவப்புத் துண்டுகள் ஓர் அடுக்கு, கீழே ஈரல் சாசேஜ், அதற்கும் கீழே பன்றிப் பட்டை.

“ரொம்ப இருக்கு” என்றார். சற்று நேரம் நின்றார். “நாங்க சாப்பிட்ட காலத்துல நாலு துண்டுதான் போடுவான். மத்ததெல்லாம் சோறு.”

வரிசையில் எங்களுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்தான் இருந்தார்கள். அப்பா திரும்பி மாடிப்படியை நோக்கி நடந்துவிட்டார். நான் பின்னால் போனேன். படியில் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அப்பா சொன்ன ‘நாலு துண்டு’தான் எனக்கு வழி காட்டியது. யோசித்துப் பாருங்கள். லாப் சியோங்கை நாம் உண்மையில் எங்கே சாப்பிடுகிறோம்? சார் குவே தியாவில் சிப்பிக்கும் மீன் அப்பத்துக்கும் நடுவில் மெல்லிய சீவல்களாக. போப்பியாவில் காய்கறிக் கூட்டின் மேல் சில பொடித்துண்டுகளாக. முறுகலாகப் பொரித்த முள்ளங்கிக் கேக்கில் (அதற்குக் கேரட் கேக் என்று பெயர், கேரட்டே கிடையாது!) உலர்ந்த இறாலோடு இறாலாக. வறுத்த சோற்றில் ஒரு கைப்பிடி. ஹாட்டாக் மாதிரி முழுதாகக் கடித்துத் தின்பவரை நான் பார்த்ததில்லை. வேகவைக்காமல் தின்னவும் கூடாது. பார்க்கக் காய்ந்து கெட்டியாக இருந்தாலும் அது பச்சை இறைச்சி. நம் வீட்டில் கருவாடு செய்யும் வேலையைச் சீன வீட்டில் இது செய்கிறது. ஒரு துண்டு கருவாடு ஒரு சட்டிக் கத்திரிக்காய்க் குழம்பைத் தூக்கி நிறுத்துவதில்லையா, அப்படி.

அப்பாவைக் கேட்டால் கருவாடு இல்லை, உப்புக்கண்டம் என்பார். அவருடைய அம்மா ஆட்டுக்கறியைப் பட்டையாக அறுத்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் கட்டுவாராம். காக்கை விரட்ட ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும். காய்ந்ததில் இரண்டு துண்டைப் பொரித்து, ஒரு வீட்டுக்கே தொட்டுக்கொள்ளக் கொடுப்பார். முதன்முதலில் கிரேத்தா ஆயரில் லாப் சியோங் தொங்குவதைப் பார்த்தபோது, ‘யாரோ நம்ம ஆளுங்க காயப்போட்டிருக்காங்க’ என்று நினைத்தாராம். அங்கே வெயில், இங்கே காற்று. அங்கே மிளகாய், இங்கே சர்க்கரை. தண்ணீரை வெளியேற்றினால் இறைச்சி கெடாது என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

கீழே இறங்கி வந்து, முந்தைய நாள் பார்த்த கடைக்கே போனோம். கடைக்கார அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும்.

“லேடி பாஸ், யாட் தோய்” என்றார் அப்பா. ஒரு ஜோடி.

சீனப் புத்தாண்டு நேரத்தில் கிலோ கணக்கில் வாங்கும் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு ஜோடி. அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்பா தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, விரலால் ஒரு குழாய் வரைந்து, அதற்குள் எதையோ செருகுவதுபோல் செய்தார். கடைக்கார அம்மா உடனே தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ஜோடியைத் தாளில் சுற்றியபடி, ஆங்கிலமும் மலாயும் கலந்து எனக்குப் பாடம் எடுத்தார். சமைக்கும் முன் வெந்நீரில் கழுவு. முழுதாக வேகவை, வெந்த பிறகு சாய்வாக மெல்லிசாக வெட்டு. வாணலியில் எண்ணெய் ஊற்றாதே, அதிலேயே எண்ணெய் இருக்கிறது. ஒரு பானைக்கு ஒன்று போதும்; இரண்டு போட்டால் நாக்கு களைத்துவிடும்.

அந்த எண்ணெய் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. தனியாக வாடகை அறையில் இருந்த காலத்தில், பெரியம்மாவின் வறுவல் ஞாபகத்தில் லாப் சியோங்கை வட்ட வட்டமாக வெட்டி, காய்ந்த எண்ணெயில் கறிமசாலாவோடு போட்டு வறுத்தேன். ஒரு நிமிடத்தில் அதிலிருந்த சர்க்கரை கருகி, கசப்பும் இனிப்புமாக ஒரு விநோதப் பண்டம் கிடைத்தது. நம் மசாலாவை எதற்கும் போடலாம் என்பவர்களோடு எனக்கு அன்று முதல் உடன்பாடு இல்லை. இதை வதக்கத்தான் வேண்டுமென்றால் சூடேறாத வாணலியில், சிறு தீயில், அதுவே தன் கொழுப்பை விடும்வரை காத்திருக்க வேண்டும்.

முஸ்லிம் நண்பர்களுக்கு இதெல்லாம் கதை மட்டும்தான் என்று இல்லை. கோழி இறைச்சியில், சாராயம் சேர்க்காமல், ஹலால் முத்திரையோடு செய்ததும் கிடைக்கிறது. கொழுப்பு குறைவென்பதால் சோற்றில் அவ்வளவு இறங்காது. ஆனால் முட்டை போட்டு வறுத்த சோற்றுக்கு அது நன்றாகவே இருக்கும்.

வரும் வழியில் ஒரு மண்சட்டியும் வாங்கினோம். வெளியில் கம்பி பின்னிய, கைப்பிடி வைத்த சின்னச் சட்டி. அம்மாவின் பாத்திரம் எதையும் கேட்பதற்கில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வீட்டில் அம்மா சட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டி ஓசை கேட்டார்.

“இதை எப்ப அடுப்புல வைக்கப் போறீங்க?”

“இப்பவே.”

“புதுச் சட்டியை அப்படியேவா? வெடிச்சிடும். சட்டியைப் பழக்கணும்.”

சட்டியை அவரே தண்ணீரில் ஊறவைத்தார். மறுநாள் காலை கஞ்சித் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிட்டார். உள்ளே என்ன சமைக்கப் போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. “எம் மாமியாருக்கு இதெல்லாம் ரொம்பப் பாக்கணும்” என்றார், சட்டியைப் பார்த்தபடி. கேண்டனீஸ் வீடுகளிலும் புதுச்சட்டியைக் கஞ்சி வைத்துத்தான் பழக்குவார்கள் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு மதியம், சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் சிறிய கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்தேன். அரை மணி நேரம் ஊறிய அரிசி. குழிகள் தெரிந்ததும் ஒரே ஒரு லாப் சியோங், கூடவே கொஞ்சம் கோழி, இஞ்சிச் சீவல். மூடி, தீயைக் குறைத்து, பதினைந்து நிமிடம். உப்பு போடவில்லை, சோயா சாஸும் அரைக் கரண்டிதான். இறக்கும்போது நிறையக் கீரை. சாசேஜை மெல்லிசாக வெட்டினால் இருபது துண்டு வந்தது. அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அப்பாவோடு சேர்த்து நாலு பேர், ஆளுக்கு ஐந்து.

அப்பா மூன்று துண்டை எடுத்துக்கொண்டு இரண்டை என் தட்டில் வைத்தார். சோற்றை மட்டும் இரண்டாவது முறை கேட்டார். காந்தலை அத்தான் கேட்டபோது தரவில்லை.

அம்மா எங்களோடு உட்கார்ந்து கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டார். அதில் கருவாடு இருந்தது, ஒரே ஒரு துண்டு.

“அந்தக் காலத்துல ஹேக்ஸ் போட்டா வாசம் போயிடும்னு யார் சொன்னது உங்களுக்கு?” என்றார், குழம்பைப் பிசைந்துகொண்டே.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவுக்கும் அது ஏற்கெனவே தெரியும்போல.

ஜோடியில் மிச்சம் ஒன்று உறைபெட்டியில், மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள், ஐஸ்கட்டித் தட்டுக்கு அடியில் இருக்கிறது. எங்கே வைக்கலாம் என்று இடம் காட்டியது அம்மா. மேலே ஒரு தாளில் ‘அப்பாவுடையது, தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்; கழுவிக் கவிழ்த்த மண்சட்டி பின்பக்கத்து அலமாரியில் இருக்கிறது.